முனிரத்தினம் தோட்டத்து வெயில்

மொத்தம் அறுநூறு மணி நேரம். முனிரத்தினம் தோட்டத்து வெயில் அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு நொடிகூடக் கிடையாது. இனிமேல் கிடைக்கவும் போவதில்லை.

இருபத்து நான்கு வருடங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய் வெயிலைப் பதிவுசெய்துகொண்டிருந்த ஒரு கம்பெனியின் ஆட்கள் கொம்மனூருக்கு வந்தார்கள். முனிரத்தினத்தின் தக்காளித் தோட்டத்துக்கு நட்டநடுவில் மூன்று கால் இரும்புச் சட்டம் ஒன்றை நிறுத்தினார்கள். அதன் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கண்ணைப் பொருத்திவிட்டுப் போனார்கள். அந்தக் கண் இருபத்தைந்து நாள் இமைக்காமல் வானத்தைப் பார்த்தது. விடியலின் சாம்பல் வெளிச்சம், மேகம் கடக்கும் மங்கல், மேற்கு மலை சூரியனை விழுங்கும் நேரத்துச் சிவப்பு, அப்புறம் இருட்டு என்று எல்லாவற்றையும் பதிந்துகொண்டது.

பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த நாற்றுக்கூடத்தில், சன்னல் இல்லாத பெரிய அறைக்குள், அதே வெயில் இப்போது விளக்குகளில் எரிந்துகொண்டிருந்தது. கீழே குழித்தட்டுகளில் தக்காளி நாற்றுகள்.

வெளியே நாற்று விட்ட காலம் மலையேறிவிட்டது. மாசி பிறந்தாலே போதும், முளைத்த விதை இரண்டாம் இலை விடுவதற்குள் கருகிப்போகும். சரி, அறைக்குள் விளக்கு போட்டு வளர்க்கலாம் என்று பார்த்தார்கள். நாற்று தளதளவென்றுதான் வந்தது. வயலில் வைத்த மூன்றாம் நாள் தலை கவிழ்ந்தது. வீட்டை விட்டே வெளியே வராத பிள்ளையைக் கொண்டுபோய்ச் சந்தையில் விட்டதுபோல. அப்போதுதான் யாருக்கோ அந்தப் பழைய வெயில் பதிவுகள் ஞாபகம் வந்தன. எந்த மண்ணில் நடப்போகிறோமோ அந்த மண்ணின் வெயிலையே அறைக்குள் காட்டி வளர்த்தால் என்ன?

வளர்த்தார்கள். நாற்று பிழைத்தது. எல்லா ஊருக்கும் அல்ல. பதிவு இருந்த ஊர்கள் கொஞ்சம். இப்போதைய வெயிலைப் புதிதாகப் பதிந்து காட்டினால் அதுவும் நாற்றைக் கருக்கத்தான் செய்யும். பதிவு இல்லாத ஊர்க்காரர்கள் தக்காளியை மறந்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, வேலை தேடி ஓசூருக்குக் கிளம்பினார்கள். பெண் பார்க்கப் போகிற இடத்தில், "உங்க ஊருக்கு வெயில் இருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் காபியைத் தொட்டார்கள்.

இருந்த பதிவுகளிலும் முனிரத்தினம் தோட்டத்து வெயில் மட்டும் தனி. அதில் வளர்ந்த நாற்றின் தண்டு பென்சில்போல உறுதியாக இருந்தது. எந்த ஊரில் வைத்தாலும் நின்றது. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

அந்த வெயிலை ஒவ்வொரு தடவையும் தொடக்கிவைப்பது தன்ஷிகாவின் வேலை. அவள் கொம்மனூர்க்காரி. தாவரவியல் படித்தவள். சட்டென்று பேச வராது. அவள் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் விடியல் விளக்குகள் மெல்லச் சிவக்கும்போது, 'இது எங்க ஊரு' என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிக்கொள்ளாமல் அவள் இருந்ததில்லை.

காலை வெயில் ஏறியதும் நிழல் வரும். அதுதான் அந்தப் பதிவின் விசித்திரம். மேகத்தின் நிழல் அல்ல. தட்டுகளின் மேல் சட்டென்று மங்கும்; சட்டென்று வெளுக்கும். மறுபடி மங்கும். மூச்சு விடுகிற வேகத்தில் போய்ப் போய் வரும். முதலில் ஆழமாக, பிறகு தேய்ந்து தேய்ந்து, நின்றேவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி ஆழமாக. சில சமயம் ஒரு மணி நேரம் ஒன்றுமே இருக்காது. உச்சி வேளையில் வராது. பிற்பகலில் மறுபடி தொடங்கும்.

"நிழல் ஆட ஆரம்பிச்சா போதும், உனக்குக் கண்ணு சொக்கிரும்" என்பார் ஷபீர். விளக்குகளைப் பார்த்துக்கொள்ளும் எலக்ட்ரீஷியன். "சம்பளம் வாங்கிட்டுத் தூங்குற ஒரே ஆளு நீதான் பாப்பா."

"தூங்கலண்ணா."

"தூங்கல. தியானம்."

ரோஸ்லின் மேடம் வந்தது நாற்றுகள் நாலு இலை விட்டிருந்த சமயம். விதைச் சான்று அலுவலகத்திலிருந்து வந்திருந்தார். கண்டிப்பானவர், ஆனால் குரலை உயர்த்தாதவர். அறைக்குள் வந்து, ஆடும் நிழலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்னன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"சென்சார் கோளாறுன்னு போன வருசம் நீங்கதானே மேடம் சொன்னீங்க?" என்றார் ஷபீர்.

"சொன்னேன். இந்த ஆட்டத்தை எடுத்துட்டுச் சுத்தமான பதிவு ஒண்ணும் அனுப்பினேன். என்ன ஆச்சு?"

ஷபீர் தன்ஷிகாவைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லும்மா. உன் தட்டுதானே?"

"அதுல வளர்ந்த நாத்து... மூணாம் நாள் எல்லாம் விழுந்துருச்சுங்க மேடம்." தன் குரல் தனக்கே கேட்கவில்லை என்று தோன்றியதால் இன்னொரு தடவை சொன்னாள். "ஒண்ணுகூட நிக்கல."

"ஏன்?"

இந்தக் கேள்விக்குப் பதில் அவளிடம் இருந்தது. பல நாள் யோசித்த பதில். "வெயில் சட்டுனு போய்ச் சட்டுனு வந்தா இலை திணறுது மேடம். திணறித் திணறி, அதிகமா வர்ற வெளிச்சத்தை வெளியே தள்ளிவிடப் பழகிக்குது. ஒரே மாதிரி வெயில்ல வளர்ந்த இலைக்கு அந்தப் பழக்கம் வராது."

"அப்படின்னா நாமே ஒரு ஆட்டத்தைப் போட்டுடலாமே? மெஷின்ல?"

"போட்டுப் பாத்தோம்" என்றார் ஷபீர். "டிக் டிக்குனு கடிகாரம் மாதிரி. பாதி பொழைச்சுது, பாதி போச்சு. கடிகார ஆட்டம் நாத்துக்குச் சீக்கிரம் பழகிப் போகுது. இது பழகவே மாட்டேங்குது மேடம். எப்ப வரும், எப்ப நிக்கும்னு சொல்ல முடியல. இந்த நிழலுக்குன்னு ஒரு மனசு இருக்கு."

ரோஸ்லின் சிரிக்கவில்லை. "ஷபீர், மனசு இருக்குன்னு நான் சான்று எழுத முடியாது. ஆந்திராவுல இருந்து இந்தப் பதிவைக் கேக்குறாங்க. அதுக்கும் வடக்கே இருந்தும் கேக்குறாங்க. ஒருவேளை அந்தக் கண்ணு நிஜமாவே கெட்டிருந்து, நாளைக்கு வேற பயிரை இது என்னவாவது பண்ணிட்டா? காரணம் தெரியாத பதிவை ஓட்டக்கூடாதுன்னு இப்ப விதியே வந்தாச்சு. இங்கேயும் ஓட்டக்கூடாது."

"இங்கேயுமா?"

"காரணம் தெரிஞ்சா சான்று. தெரியலைன்னா நிறுத்தணும். நான் உங்களுக்கு எதிரி இல்லை."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் தக்காளி நடுகிற ஒவ்வொருவரும் இந்த அறையை நம்பித்தான் உழுது வைத்திருந்தார்கள். கொம்மனூரும் பூட்டுத் தொங்கும் ஊர்களில் ஒன்றாகும்.

"மேடம்" என்றாள் தன்ஷிகா. காது மடல் சுட்டது. "இந்தத் தட்டெல்லாம் வெளியே போற வரைக்கும் டைம் குடுங்க. நான் ஊர்ல கேட்டுப் பாக்குறேன்."

ஷபீர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தானாக ஒன்றைக் கேட்டு அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

முனிரத்தினத்துக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. வெயிலுக்குத் தன் பெயர் வைத்ததிலிருந்து ஊருக்குள் அவர் நடையே மாறியிருந்தது. தன்ஷிகா கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நிழலா? எங்க தோட்டத்துல ஏது பாப்பா நிழலு? வெறும் வெயிலு. அதான் அந்தக் கம்பெனிக்காரன் தேடிப் புடிச்சு வந்தான். மரம்னு பாத்தா அந்தக் கோடியில ஒரு புங்க மரம். அதோட நிழலு இங்க வராது."

"காக்காய் விரட்டக் கட்டுற பானை, துணி, எதாச்சும்?"

"மெஷின் பக்கத்துலயா? அவனுங்க போர்டு மாட்டிட்டுல்ல போனானுங்க, தொடாதேன்னு. எவனாச்சும் பக்கத்துல போனா ஒருத்தருக்கும் வேலை கிடையாதுன்னு நானே சொல்லியிருந்தேன். ஒரு ஈ, எறும்பு போயிருக்காது." அவர் யோசித்தார். "மாட்டு வாலா இருக்குமோ?"

"இருபத்தஞ்சு நாளும் ஒரே மாடு அங்கேயே நின்னுதா, தாத்தா?"

"எங்க மாடு, நிக்கும்" என்றார் பெருமையாக. பிறகு சொன்னார்: "உங்கம்மாவைக் கேளேன். நடவுக்கு வந்தவதானே? முதல் வரிசை அவளுதுதான். அவ கைக்கு ஈடா நாத்து வைக்க இந்தச் சுத்துல ஆளு இல்ல."

காவேரி அடுப்படியில் ராகி மாவைக் கிளறிக்கொண்டிருந்தாள். மகள் கேட்டதும் களிக்கோல் ஒரு கணம் நின்றது. பிறகு முன்னைவிட வேகமாகச் சுழன்றது.

"எனக்கென்ன தெரியும்? நான் அந்த வருசம் அங்க போகவே இல்ல. உன்னைப் பெத்துட்டு எங்கம்மா வீட்டுல கெடந்தேன்."

"தாத்தா நீ வந்தேன்னு சொல்றாரு."

"அவருக்கு நேத்து தின்னது இன்னிக்கு ஞாபகம் இருக்குதாமா?"

தன்ஷிகா கதவுநிலையில் சாய்ந்து நின்றாள். அம்மாவிடம் இதற்கு மேல் கேட்டுப் பழக்கமில்லை. காவேரி களியை உருட்டித் தட்டில் வைத்தாள். உருண்டை வழக்கத்தைவிடப் பெரியதாக இருந்தது.

"ஏன் பாப்பா, அந்த மெஷினைக் கெடுத்தது இன்னாருன்னு கண்டுபிடிச்சா என்ன பண்ணுவாங்க?"

"கெடுத்தாங்கன்னு யாரு சொன்னா?"

"இல்ல, கேக்குறேன். அவங்க வீட்டு ஆளுங்க அங்க வேலையில இருந்தா, தூக்கிருவாங்களா?"

தன்ஷிகா அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். காவேரி தட்டைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். அம்மா எதையோ மறைக்கிறாள் என்பது தெரிந்தது. அதைத் தோண்டினால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்பது தெரியவில்லை. மறுநாளும் கேட்கவில்லை, அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. அறைக்குள் முனிரத்தினம் தோட்டத்துச் சூரியன் உதித்து மறைந்துகொண்டிருந்தது. நாற்றுகள் தண்டு பருத்துக்கொண்டிருந்தன.

தட்டுகள் வெளியே போகிற நாள் கூடத்து வாசல் சந்தைபோல் இருந்தது. டிராக்டர்களும் மினி வேன்களும் வரிசையாக நின்றன. முனிரத்தினம் வெள்ளை வேட்டியில் வந்து, தட்டு வாங்கிப் போகிறவர்களுக்கெல்லாம் தானே தானம் கொடுப்பவர்போலத் தலையசைத்துக்கொண்டிருந்தார். காவேரியும் வந்திருந்தாள். குத்தகைக்குப் பிடித்திருந்த அரை ஏக்கருக்கு நாற்று வேண்டும். வரிசையில் நின்றபடி மகளின் வெள்ளைக் கோட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளிடம், கேட்காமலே, "எம்பொண்ணு" என்றாள்.

ரோஸ்லின் மேடம் நேராக விஷயத்துக்கு வந்தார். "ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

"இல்லைங்க மேடம்."

"அப்ப இந்தத் தட்டோட நிறுத்திடணும். ஷபீர், அடுத்த நடைக்கு ஓடிட்டிருக்கிறதையும் அணைச்சிடுங்க."

ஷபீர் அசையவில்லை. தன்ஷிகாவுக்கு அடுப்படியில் அம்மா கேட்ட கேள்வி ஞாபகம் வந்தது. அவள் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்து, வரிசையிலிருந்த அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"உள்ளே வா."

"நானா? எனக்கெதுக்கு உள்ள... காலெல்லாம் மண்ணு பாப்பா."

"வாம்மா."

காவேரி அந்த அறைக்குள் வந்தது அதுவே முதல் தடவை. முனிரத்தினம், யாரும் கூப்பிடாமலே, பின்னால் வந்தார். உள்ளே புதிதாக விதைத்த தட்டுகளில் முளைகள் வளைந்து மண்ணை முட்டிக்கொண்டிருந்தன. விளக்குகளில் காலை வெயில். நிழல் அப்போதுதான் ஆடத் தொடங்கியிருந்தது.

காவேரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். தட்டுகளின் மேல் நிழல் போய் வருவதைப் பார்த்தாள். போனது. வந்தது. தேய்ந்தது. நிற்கப்போகிற சமயத்தில் அவளுடைய வலது கை, அவளைக் கேட்காமலே, இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ பிடித்து மெல்ல ஒரு இழுப்பு இழுத்தது. அதே கணத்தில் நிழல் மறுபடி ஆழமாக ஆடியது.

ஷபீர் அதைப் பார்த்துவிட்டார்.

"இதுதானா அந்தக் கோளாறு?" என்றாள் காவேரி.

"கோளாறு இல்லம்மா. இதாலதான் நாத்து பொழைக்குது. இதை எடுத்துட்டு வளர்த்த நாத்து அத்தனையும் விழுந்துருச்சு. இது என்னன்னு தெரிஞ்சாதான் இனிமே விளக்கே எரியும். இல்லைன்னா இன்னிக்கோட சரி."

"கெடுதல் இல்லியா?"

"இல்லம்மா."

"ஒருத்தரையும் வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்களே?"

தன்ஷிகா ரோஸ்லினைப் பார்த்தாள். ரோஸ்லின், "மாட்டோம்" என்றார்.

காவேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "தொடாதேன்னு போர்டு இருந்துச்சுங்க. நான் மெஷினைத் தொடவே இல்ல. அதோட காலுங்களை வளைச்சுச் சேலையைக் கட்டுனேன், அவ்வளவுதான்."

"எதுக்கு?"

"தூளிக்குங்க."

ஷபீர் விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். நிழல் ஆடிக்கொண்டிருந்தது.

"கைப்பிள்ளையை வெச்சுக்கிட்டு நடவு, களைன்னு அந்த மாசம் பூரா வேலைக்கு வந்தேன். புங்க மரம் அந்தக் கோடியில இருந்துச்சு. அங்க கட்டுனா அழுதா கேக்காது. பாம்பு நடமாட்டம் வேற. நடுவுல பாத்தா, மூணு காலு, நல்ல இரும்பு, தூளிக்குன்னே நட்டு வெச்ச மாதிரி. நீளமா ஒரு கயித்தைத் தூளியில கட்டி இன்னொரு முனையை இடுப்புல சொருகிக்குவேன். நாத்து வெச்சுக்கிட்டே போவேன். சிணுங்குனா ஒரு இழுப்பு. தூங்கிட்டா விட்டுருவேன். மத்தியானம் பால் குடுக்க மரத்தடிக்கு எடுத்துட்டுப் போயிருவேன், சேலையையும் அவுத்துக்கிட்டு. கம்பெனிக்காரங்க வந்தா தெரியக்கூடாதுல்ல?"

"அடிப்பாவி!" என்றார் முனிரத்தினம். "நான் வரப்புலயேதானே உக்காந்திருந்தேன்!"

"நீங்க எங்க உக்காந்திருந்தீங்க? துண்டை விரிச்சுப் படுத்திருந்தீங்க."

ஷபீர் சிரித்துவிட்டார். ரோஸ்லின் தன் கையிலிருந்த திரையில் பதிவை வேகமாகத் தள்ளிப் பார்த்தார். அவர் குரல் கொஞ்சம் மாறியிருந்தது. "நடுவுல ரெண்டு நாள் ஆட்டமே இல்லையே. நீங்க வேலைக்கு வரலையா?"

"வந்தேனே. லீவு போட்டா இவரு விடுவாரா?" காவேரி யோசித்தாள். "ஆங்... புள்ளைக்குக் காய்ச்சலு. எறக்கி விட்டா அழுதுச்சு. அந்த ரெண்டு நாளும் முதுகுல கட்டிக்கிட்டே நட்டேன்."

ரோஸ்லின் திரையை அணைத்தார். காவேரியை நிமிர்ந்து பார்த்தார்.

"இது தெரியாம, நாங்க இத்தனை பேரு..." என்றார்.

முனிரத்தினம் இன்னும் ஆறவில்லை. "அப்ப ஊரெல்லாம் நான் சொல்லிட்டுத் திரியறது? என் தோட்டத்து வெயிலுன்னு?"

"வெயிலு உங்களுதுதாண்ணா" என்றாள் காவேரி. அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. "யாரு இல்லைன்னா? நிழலு என்னுது."

தன்ஷிகா தட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். நிழல் அவள் வெள்ளைக் கோட்டின் மேல் ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. வெளியே யாரோ டிராக்டரைக் கிளப்பினார்கள். இந்த வட்டாரத்தில் நிற்கிற ஒவ்வொரு தக்காளிச் செடியும் இந்த ஆட்டத்தில் வளர்ந்தது. ஆந்திராவில் இனி நிற்கப்போவதும்.

"காரணம் தெரிஞ்சுபோச்சு. இன்னிக்கே சான்றுக்கு எழுதிடறேன்" என்றார் ரோஸ்லின். "அந்தக் குழந்தை இப்ப எங்கேம்மா இருக்கு? நல்லா இருக்கா?"

காவேரி மண் காலோடு தட்டுகளுக்கு நடுவே நடந்து வந்தாள். மகளின் கோட்டுக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை நீவிச் சரிசெய்தாள். பிறகு திரும்பி, வாசலில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"அந்தத் தூளியில கெடந்தது இவதாங்க."